கூட்டை இழந்த ஒரு சொல்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வீட்டில் படிக்கிற வயதுப் பிள்ளைகள் இருப்பவர்களும், எம்மைப் போல கற்பிக்கிறவர்களும் இறுதி வரை வாசிக்க வேண்டும் என்று அன்பாகக் கேட்டுக்கொள்கிறோம்.

தரம் 7 ஆங்கிலப் பாடத்தில் பறவைக் குஞ்சுகளின் பெயர்களைப் படிப்பித்துக் கொண்டிருந்தோம். கோழிக் குஞ்சு 'சிக்'. வாத்துக் குஞ்சு 'டக்லிங்'. அன்னத்தின் குஞ்சு 'சிக்னட்'. ஆந்தைக் குஞ்சு 'அவ்லட்'. பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். கடைசி வாங்கிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"சேர், ஃபல்கன்ட குஞ்சுக்கு என்ன சொல்ற?"

கேட்டவன் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. வாப்பா கட்டாரில். அங்கே ஃபல்கன் விற்கும் சந்தையில் எடுத்த போட்டோ ஒன்றை வாப்பா போனில் அனுப்பியிருக்கிறார். அதைப் பார்த்ததிலிருந்து மனதில் இருந்த கேள்வி இது. இவனுக்கு எமது ஆசிரியர் ஓய்வறையில் ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. 'ஒன்றும் விளங்காதவன்' என்ற கருத்தில் யாரோ வைத்த பெயர். அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. அதைவிட வெட்கம், அந்தப் பெயரை நாமும் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

அவன் கேட்ட கேள்விக்கு எமக்குப் பதில் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றன் மகன்" என்று சொல்லிவிட்டு வந்து தேடினோம். ஈ, வை, ஏ, எஸ் என்ற நான்கே எழுத்துகள். உச்சரிப்பு 'ஐயஸ்'. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய கதை இருக்கும் என்று நாம் நினைக்கவில்லை.

முதலில் சொல் வந்த வழியைப் பார்ப்போம்.

இலத்தீனில் கூட்டுக்கு 'நீடுஸ்' என்று பெயர். சமஸ்கிருதத்தில் கூட்டைக் குறிக்கும் 'நீட' என்ற சொல்லும், ஆங்கிலத்தின் 'நெஸ்ட்' என்ற சொல்லும் இதனுடைய ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். 'கீழே அமரும் இடம்' என்பது மூன்றுக்கும் பொதுவான பழைய பொருள். இலத்தீன் 'நீடுஸ்' சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சில் 'நியே' என்ற சொல் பிறந்தது. கூட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று அர்த்தம். வேட்டைக்குப் பழக்குவதற்காக, பறக்கத் தெரியும் முன்பே கூட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வரப்பட்ட வல்லூறுக் குஞ்சைத்தான் வேட்டைக்காரர்கள் இப்படி அழைத்தார்கள்.

இங்கிலாந்தின் பிரபுக்கள் பல நூற்றாண்டுகள் பிரெஞ்சு பேசியவர்கள். வல்லூறு வேட்டையும் அவர்களுடைய விளையாட்டுத்தான். ஆகவே இந்தச் சொல்லும் 'நையஸ்' என்ற உருவில் ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கேதான் அதற்கு ஒரு விபத்து நடந்தது.

ஆங்கிலத்தில் மெய்யொலிக்கு முன்னால் 'அ', உயிரொலிக்கு முன்னால் 'அன்' என்று சின்ன வகுப்பிலேயே படிப்பிக்கிறோம் அல்லவா? 'அ நையஸ்' என்று வாயால் சொல்லிப் பாருங்கள். வேகமாகச் சொன்னால் 'அன் ஐயஸ்' என்றும் கேட்கும். எழுதப் படிக்கத் தெரியாத வேட்டைக்காரர்கள் காதால் கேட்டுப் பழகிய சொல் இது. நாளடைவில் சொல்லின் தலையில் இருந்த 'ந்' கழன்று முன்னால் இருந்த 'அ' என்பதோடு ஒட்டிக்கொண்டது. 'நையஸ்' போய் 'ஐயஸ்' நின்றது.

இப்படித் தலை இழந்த சொற்கள் ஆங்கிலத்தில் இன்னும் இருக்கின்றன. சமையலறையில் கட்டும் 'ஏப்ரன்' ஒரு காலத்தில் 'நேப்ரன்'. அதன் சொந்தக்காரனான 'நப்கின்' மட்டும் 'ந'வைக் காப்பாற்றிக்கொண்டது. கிரிக்கெட் மைதானத்தில் நிற்கும் 'அம்பயர்' ஒரு காலத்தில் 'நம்பயர்'. 'அடர்' என்ற விரியன் பாம்பு முன்னர் 'நடர்'. நாம் தோடம்பழம் என்று சொல்லும் 'ஒரேஞ்ச்' இன்னும் சுவாரஸ்யமானது. தமிழின் நாரத்தையோடு உறவுள்ள திராவிடச் சொல்லாக அது தொடங்கியிருக்க வேண்டும் என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. சமஸ்கிருதத்தில் 'நாரங்க', பாரசீகத்தில் 'நாரங்', அரபியில் 'நாரன்ஜ்' என்று ஊர் ஊராகப் போய், இத்தாலி, பிரான்ஸ் பக்கம் சேர்ந்தபோது 'ந'வை இழந்துவிட்டது.

ஆங்கிலேயர் மட்டும் இப்படிக் காதால் ஏமாறியவர்கள் என்று நினைக்க வேண்டாம். கிரேக்கரின் 'அலெக்ஸாண்டர்' அரபிக்கு வந்தபோது, முன்னால் இருந்த 'அல்' என்பதை அரபிகள் தங்களுடைய 'அல்' என்றே எடுத்துக்கொண்டார்கள். அது கழன்றதும் மிஞ்சியது 'இஸ்கந்தர்'. எமது ஊர்களில் இஸ்கந்தர் என்று பெயர் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம்.

'நையஸ்' இழந்தது ஓர் எழுத்து மட்டும் அல்ல. 'நீடுஸ்' என்ற கூட்டைக் காட்டிக்கொண்டிருந்தது அந்த 'ந'தான். அது போன பிறகு, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஆங்கிலேயருக்கே தெரியாமல் போனது. 1486இல் அச்சான 'செயின்ட் ஆல்பன்ஸ் புத்தகம்' வல்லூறு வேட்டையைப் பற்றி ஆங்கிலத்தில் அச்சில் வந்த மிகப் பழைய நூல்களில் ஒன்று. இந்தக் குஞ்சுக்கு அப்படிப் பெயர் வந்தது அதன் கண்களால் என்று அது விளக்கம் சொல்கிறது. வேறு சாதிப் பருந்தின் கீழ் வளர்ந்த குஞ்சுக்குக் கண்ணில் நீர் வடியுமாம். ஆங்கிலத்தில் கண் 'ஐ' அல்லவா? பிழையான விளக்கம்தான். கூட்டை மறந்தவர்கள் கண்ணில் தேடினார்கள்.

சரி, அந்தக் குஞ்சு எப்படிப்பட்டது?

வேட்டைக்குப் பழக்கும் வல்லூறுகளை ஐரோப்பியர் மூன்று வகையாகப் பிரித்தார்கள். கூட்டிலிருந்து எடுத்தது ஐயஸ். முதல் வருடத்தில், தானாகப் பறந்து திரியும்போது வலையில் பிடித்தது இரண்டாவது. இறகுதிர்த்து முழுதாக வளர்ந்த பிறகு பிடித்தது மூன்றாவது. பின்னைய இரண்டையும் பழக்குவது கடினம். ஆனால், அவை தாய் தகப்பனிடமும் காற்றிடமும் வேட்டையைப் படித்துவிட்டு வந்தவை. ஐயஸ் அப்படி அல்ல. அதற்கு மனிதனைத் தவிர வேறு யாரையும் தெரியாது. மனிதக் கையால் தீன் வாங்கி வளர்ந்த குஞ்சு, பெரிதான பிறகும் ஆளைக் கண்டால் தீன் கேட்டுக் கத்திக்கொண்டே இருக்கும். கூட்டில் தாயிடம் கத்த வேண்டிய கத்தலை அது வாழ்நாள் முழுக்க மனிதனிடம் கத்துகிறது.

இதற்கு அந்தக் காலத்துப் பயிற்சியாளர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். இறகு முளைத்த குஞ்சைச் சில கிழமைகள் கட்டாமல் விட்டுவிடுவார்கள். ஒரு பலகையில் இறைச்சி வைப்பார்கள். அது வந்து தின்னும், போகும், மரத்தில் இருக்கும், விழும், எழும்பும். சிறகுக்குப் பலம் வந்து தானாக வேட்டையாடத் தொடங்கும் நேரத்தில்தான் பிடித்துப் பாடம் தொடங்குவார்கள். கூட்டிலிருந்து எடுத்தவனுக்கே தெரிந்திருக்கிறது, முதலில் அது பறவையாக இருக்க வேண்டும், பிறகுதான் மாணவனாக இருக்க வேண்டும் என்று.

இப்போது பிரெஞ்சுக்காரர் செய்த வேலையைப் பாருங்கள். கூட்டை விட்டு வெளியே போகாத, உலகம் தெரியாத குஞ்சு என்பதால், 'நியே' என்ற அதே சொல்லை மனிதருக்கும் சொல்லத் தொடங்கினார்கள். இன்று பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குப் பறவை என்ற அர்த்தம் பெரும்பாலும் நினைவில் இல்லை. 'முட்டாள், அசடு' என்பதுதான் அர்த்தம். குஞ்சுக்கு உலகம் தெரியாமல் போனது அதன் பிழை அல்ல. கூட்டிலிருந்து தூக்கியது யாரோ. ஆனால் பெயர் ஒட்டியது குஞ்சின் மேல்.

அரபிகள் இதே குஞ்சுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று தேடினோம். சுப்ஹானல்லாஹ்!

வல்லூறு வேட்டை அரபிகளின் இரத்தத்தில் ஊறியது. பழக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவது ஆகுமானது என்று ஸூரா அல்மாயிதாவின் 4ஆவது வசனம் சொல்கிறது. அல்லாஹ் உங்களுக்குக் கற்றுத் தந்ததிலிருந்து நீங்கள் அவற்றுக்குக் கற்றுக் கொடுக்கிறீர்கள் என்ற கருத்தும் அதே வசனத்தில் வருகிறது. ஆசிரியர்களாகிய எமக்கு அதில் பெரிய படிப்பினை உண்டு. ஒரு பறவைக்குக் கற்பிப்பதைக்கூட அல்லாஹ் தன்னுடைய கல்வியோடு சேர்த்துச் சொல்கிறான்.

அரபுப் பாலைவனத்தில் நாடோடி பதுக்கள் குஞ்சைத் தேடிக் கூட்டுக்குப் போவது குறைவு. இலையுதிர் காலத்தில் வடக்கிலிருந்து வலசை வரும் வல்லூறுகளைப் பிடிப்பார்கள். சில கிழமைகளில் பழக்கிவிடுவார்கள். குளிர்காலம் முழுக்க வேட்டை. வெயில் ஏறும்போது பறக்க விட்டுவிடுவார்கள். 2010இல் யுனெஸ்கோ வல்லூறு வேட்டையை மனிதகுலத்தின் மரபுரிமையாகப் பட்டியலில் சேர்த்தபோது, அதை முன்வைத்த 11 நாடுகளில் ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, கட்டார், சிரியா, மொரோக்கோ ஆகியன இருந்தன. அமீரகத்தில் வல்லூறுகளுக்குப் பாஸ்போர்ட்டே கொடுக்கிறார்கள். அங்கே வேலை செய்த எமது சகோதரர்களுக்கு இது புதினம் அல்ல.

இதில் சிலவற்றை ஐரோப்பா அரபிகளிடம் படித்தது. 1250இல் இறந்த சக்கரவர்த்தி இரண்டாம் ஃபிரடெரிக் வல்லூறு வேட்டை பற்றி இலத்தீனில் பெரிய நூல் ஒன்று எழுதினார். பறவையின் தலைக்குப் போடும் தோல் தொப்பியைக் கிழக்கு நாட்டவரிடமிருந்தே கற்றதாக அதில் அவரே எழுதியிருக்கிறார். அரபு நூல் ஒன்றை அந்தியோக்கியாவின் தியோடர் என்ற அறிஞரைக் கொண்டு இலத்தீனில் மொழிபெயர்க்கவும் செய்தார்.

அந்த அரபிகளின் பழைய அகராதிகளில் 'கித்ரீஃப்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதன் அர்த்தங்களில் ஒன்று, வல்லூறின் குஞ்சு. மற்ற அர்த்தங்கள் என்ன தெரியுமா? கண்ணியமான தலைவன். வாரி வழங்கும் வள்ளல். அழகிய இளைஞன். உமையாக்களின் காலத்தில் வல்லூறுகளைப் பற்றி எழுதிய பேர்பெற்ற நிபுணர் ஒருவருடைய பெயரே அல்-கித்ரீஃப்.

அதே குஞ்சு. ஒரு மொழி அதைப் பார்த்து 'முட்டாள்' என்றது. இன்னொரு மொழி 'கண்ணியவான்' என்றது. குஞ்சு மாறவில்லை. பார்த்த கண்தான் மாறியது.

இனி, இந்தச் சொல் மனிதப் பிள்ளைகள் மேல் விழுந்த கதைக்கு வருவோம். எம்மை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்.

ஷேக்ஸ்பியரின் 'ஹம்லட்' நாடகத்தில் இந்தச் சொல் வருகிறது. 1600ஐ அண்டிய காலத்தில் இலண்டனில் சிறுவர் நாடகக் குழுக்கள் மிகப் பிரபலம். பிளக்ஃபிரையர்ஸ் என்ற இடத்தில் அரச தேவாலயத்துப் பாடகச் சிறுவர்கள் என்ற பெயரில் பையன்கள் நடித்தார்கள். பெரியவர்களின் அரங்குகளில் கூட்டம் குறைந்தது. அதைக் குத்திக்காட்டும் ஒரு காட்சியில், அந்தச் சிறுவர்களைச் சின்ன ஐயஸ்கள் என்று ஒரு பாத்திரம் சொல்கிறது. உச்சக் குரலில் கத்துகிறார்களாம், அதற்குக் கைதட்டும் கிடைக்கிறதாம். இதைக் கேட்ட ஹம்லட் சிரிக்கவில்லை. இந்தப் பிள்ளைகளுக்குச் செலவு செய்வது யார், குரல் உடைந்த பிறகு இவர்களுடைய கதி என்ன என்று கேட்கிறான்.

தீன் கேட்டுக் கத்தும் குஞ்சு என்பதால் அந்த உவமை என்று முதலில் நினைத்தோம். அந்தக் காலத்து வழக்குப் பதிவைப் பற்றி வாசித்தபோதுதான், அந்தச் சொல்லின் முழு அர்த்தமும் விளங்கியது. அந்தப் பிள்ளைகளில் சிலர் உண்மையாகவே கூட்டிலிருந்து எடுக்கப்பட்டவர்கள்.

அரச தேவாலயத்தில் பாடுவதற்கு நல்ல குரல் உள்ள சிறுவர்களை எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளும் அதிகாரம் அரசியின் பத்திரத்தால் வழங்கப்பட்டிருந்தது. அந்தப் பத்திரத்தைக் காட்டி, பாட்டுக்கு அல்ல, காசுக்கு நாடகம் நடிக்கப் பிள்ளைகளைப் பிடித்தார்கள். 1600 டிசம்பரில், தோமஸ் கிளிஃப்டன் என்ற 13 வயதுப் பையன் பாடசாலைக்கு நடந்து போகும் வழியில் பிடித்துச் செல்லப்பட்டான். தகப்பன் ஹென்றி கிளிஃப்டன் நோர்ஃபோக்கைச் சேர்ந்த வசதியான கனவான். நாடக அரங்குக்கே போய் மகனைக் கேட்டார். கொடுக்கவில்லை. அவருடைய கண் முன்னாலேயே பையனின் கையில் வசனத்தாளைத் திணித்து, பாடமாக்காவிட்டால் சவுக்கடி என்று மிரட்டினார்கள். பெரிய இடத்தில் ஆள் தெரிந்தவர் என்பதால், அரசவைப் பிரபு ஒருவரின் உத்தரவோடு ஒரு நாளைக்குள் மகனை மீட்டார். பிறகு 1601இல் உயர் நீதிமன்றத்தில் முறைப்பாடு செய்தார்.

அந்த முறைப்பாட்டில் இன்னும் ஏழு சிறுவர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஒருவன் நேதன் ஃபீல்ட். பாடசாலையிலிருந்து எடுக்கப்பட்டவன். நாடகமே கூடாது என்று கண்டித்து எழுதிய ஒரு பாதிரியாரின் மகன் அவன். தகப்பன் அப்போது உயிரோடு இல்லை. பிற்காலத்தில் பேர்பெற்ற நடிகனாகவும் நாடகாசிரியனாகவும் ஆனான். இன்னொருவன் சொலமன் பேவி. கிழவர்களின் பாத்திரங்களை நடித்துக் கைதட்டு வாங்கியவன். 1602இல் சிறுவனாகவே இறந்து போனான். அவர்களுக்குப் பெரிய இடத்தில் ஆள் தெரிந்த வாப்பா இருக்கவில்லை. வழக்கின் முடிவில் நடத்துனர் கண்டிக்கப்பட்டார். 1606இல் வந்த புதிய பத்திரம், பாடகச் சிறுவர்களை நாடகத்தில் நடிக்க வைக்கக் கூடாது என்றது.

நான்கு எழுத்துச் சொல்லுக்குள் இவ்வளவும் இருக்கிறது.

எமது மார்க்கத்தில் இதற்கு நேரடியாகவே ஒரு பாடம் உண்டு. ஒரு பயணத்தில் ஸஹாபாக்கள் சிலர் ஒரு சின்னப் பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப் பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், பிள்ளைகளை எடுத்து இதைத் தவிக்க விட்டது யார் என்று கேட்டு, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். இதை வைத்து வல்லூறு வளர்ப்பதற்கு நாம் பத்வா சொல்ல வரவில்லை. அது உலமாக்களின் வேலை. குஞ்சின் பக்கமும் தாயின் பக்கமும் நின்று பார்த்த அந்தப் பார்வையைத்தான் சொல்ல வந்தோம்.

அடுத்த நாள் வகுப்பில் பலகையில் 'ஐயஸ்' என்று எழுதினோம். 'ந' விழுந்த கதையைச் சொன்னோம். அந்தப் பிள்ளையை எழும்பச் சொல்லி, "இந்தச் சொல் இன்றைக்கு வகுப்புக்கு வந்தது இவன் கேட்டதால்" என்றோம். வகுப்பு கைதட்டியது. அவனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

பிறகு, 'ந' விழுந்த சொற்களைப் போல 'ந' கூடிய சொல்லும் இருக்கிறதா என்று ஒரு மகள் கேட்டாள். இருக்கிறது. 'நிக்நேம்'. முன்னர் 'எக்நேம்', அதாவது மேலதிகப் பெயர். 'அன்' என்பதிலிருந்து 'ன்' வழுக்கி வந்து இதில் ஒட்டி 'நிக்நேம்' ஆகிவிட்டது. பலகையில் அதை எழுதும்போது எமக்குக் கை ஒரு நொடி நின்றது. பட்டப்பெயர்! ஒருவரையொருவர் கெட்ட பட்டப்பெயர் சொல்லி அழைக்காதீர்கள் என்று ஸூரா அல்ஹுஜுராத்தில் ஓதிக்கொண்டே, ஆசிரியர் ஓய்வறையில் இருந்து நாம் செய்தது என்ன?

நபி (ஸல்) அவர்கள் அனஸ் (ரழி) அவர்களின் சின்னத் தம்பியை 'அபூ உமைர்' என்று பெரிய மனிதரை அழைப்பது போல அழைத்தார்கள். அவன் வளர்த்த சின்னக் குருவி செத்துப்போனபோது, அதைப் பற்றி அவனிடம் விசாரித்தார்கள். ஒரு பிள்ளையின் குருவியை நினைவில் வைத்திருந்த தலைவர் அவர்கள்.

எமது வகுப்புகளிலும் கூட்டிலிருந்து எடுக்கப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். வாப்பா கடல் கடந்து போன பிள்ளை, உம்மா வெளிநாட்டுக்குப் போய் உம்மம்மாவிடம் வளரும் பிள்ளை, இடம்பெயர்ந்து வந்து புதுப் பாடசாலையில் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை. அவர்களுக்குத் தெரியாதது அவர்களின் பிழை அல்ல. 'நியே' என்று சொல்வதா, 'கித்ரீஃப்' என்று சொல்வதா என்பது எமது வாயில் இருக்கிறது.

அந்தப் பட்டப்பெயரை இனிச் சொல்வதில்லை என்று நாம் முடிவெடுத்து, ஓய்வறையிலும் சொல்லிவிட்டோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெயர் புழக்கத்தில் இருந்தால், இன்றோடு அதை நிறுத்திவிடுங்கள். உரிய பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள்.

யா அல்லாஹ், எமது பிள்ளைகளை எமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக. எமது நாவுகளால் அவர்களின் சிறகுகளை ஒடித்து விடாமல் எம்மைக் காப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.